நர்சிங் சேரும் முன் ஆஸ்பத்திரி வேலை: சிஸ்டரிடம் கேளுங்கள்

கடலூரில் பல வருடம் வார்டு, அப்புறம் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். கேளுங்கள்.

நெல்லிக்குப்பம் மாணவி: சிஸ்டர், பிளஸ் டூ முடித்துவிட்டேன். கவுன்சலிங் வரும்வரை கிளினிக் வேலைக்குப் போனால் பி.எஸ்சி. நர்சிங் சீட்டுக்கு உதவுமா?

சீட்டுக்கு உதவாது பாப்பா. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க், புதுச்சேரி ஜிப்மரில் நீட் மார்க். வேலை பார்த்ததற்கு மார்க் கிடையாது.

ஆனாலும் போ என்றுதான் சொல்வேன், கிளினிக்குக்கு இல்லை, படுக்கை உள்ள ஆஸ்பத்திரிக்கு. கிளினிக்கில் டோக்கன் கொடுப்பதோடு சரி. வார்டில் பக்கவாதம் வந்த ஒரு தாத்தாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். புரட்டும்போதே இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பைக் கவனிக்காமல் விட்டால் புண்தான். யூரின் பேகை இடுப்புக்கு மேலே தூக்கினால் சிறுநீர் திரும்ப உள்ளே போகும், அதனால் எப்போதும் கீழேயே தொங்க வேண்டும். இதெல்லாம் முதல் வருடப் பாடத்தில் வரும். நீ கண்ணால் பார்த்திருந்தால் மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

அதைவிடப் பெரிய லாபம், மலம், சீழ், ரத்தம், நைட் டியூட்டி இதெல்லாம் உனக்கு ஒத்துவருமா என்று ஃபீஸ் கட்டும் முன்பே தெரிந்துவிடும். கட்டிய பிறகு அழுத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும்: ஊசியைத் தொடாதே. "இந்தா, ஐ.வி. (ரத்தக் குழாயில் ஏற்றும் ஊசி) போட்டுப் பழகு" என்பார்கள். நர்சிங் கவுன்சிலில் பதிவு இல்லாத கைக்கு அது வேலை இல்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வேலைக்குச் சேரும் முன்பே ஆரம்பித்துவிடு. முதல் டோஸ், ஒரு மாதம் கழித்து அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது.

பண்ருட்டி: இப்போது வாங்கும் அனுபவச் சான்றிதழ் பிறகு எய்ம்ஸ் வேலைக்குச் செல்லுமா?

செல்லாது. ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்தவர்களிடம் எய்ம்ஸ் கேட்பது, 50 படுக்கையாவது உள்ள ஆஸ்பத்திரியில் 2 வருட அனுபவம். எம்.எஸ்சி. சேர பி.எஸ்சி.க்குப் பிறகு 1 வருடம். எல்லாமே படித்துப் பதிவு செய்த பின் கணக்கு.

வில்லியனூர்: அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா, நர்சிங்குக்கு முன் உதவியாளர் வேலை பார்த்தால் தனி மதிப்பு என்கிறாரே?

அங்கே உண்மைதான். குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி சி.என்.ஏ., அதாவது சான்றிதழ் பெற்ற நர்சிங் உதவியாளர், ஆகிறார்கள். சில கல்லூரிகள் அதைக் கேட்கவும் செய்கின்றன. சித்தப்பா ஊர் வழக்கம் அது, நம் கவுன்சலிங்கில் எடுபடாது.

சிதம்பரம்: எந்த ஸ்டெத் நல்லது?

சேர்ந்த பிறகு காலேஜில் சொல்வார்கள். அடுத்தவர்.

முத்தியால்பேட்டை, ஓய்வுபெற்ற டியூட்டர்: நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆயா வேலை பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளைத் திருத்துவதுதான் கஷ்டம். கை கழுவாமல் கிளவுஸ் மாட்டுவார்கள், ஒரே கிளவுஸோடு நான்கு பெட்டுக்குப் போவார்கள்.

மேடம், பார்த்திருக்கிறேன். அதே பழக்கம் டிகிரி வாங்கியவர்களிடமும் இருக்கிறதே! வலிக்காமல் ஒரு பாட்டியைப் புரட்டுவது எப்படி என்று என் மாணவிகளுக்குக் காட்டியது ஆயாம்மாக்கள்தான்.

முத்தியால்பேட்டை: புரட்டட்டும். பழைய ஊசியும் கிளவுஸும் ஒரே கவரில் போடுவதையும் அவர்களிடம்தான் கற்கிறார்கள்.

அது ஆஸ்பத்திரியின் குற்றம். கிளவுஸ் சிவப்புக் கவருக்கு, ஊசியோ குத்திக் கிழியாத வெள்ளை டப்பாவுக்கு. மருத்துவக் கழிவுக்கு 2016 விதியே இருக்கிறது. யாரும் சொல்லித்தராத இடத்தில் ஆயாவைக் குறை சொல்லி என்ன செய்ய? தவறாகப் பழக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று சொல்லுங்கள், சேர்ந்து சொல்கிறேன். வேலையே வேண்டாம் என்றால் மாட்டேன்.

பாகூர்: ஆயா வேலை பார்த்தாள் என்றால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில்...

அந்த வீட்டிலும் ஒருநாள் யாராவது படுக்கையில் விழுவார்கள். அப்போது பேசிக்கொள்ளலாம்.

குறிஞ்சிப்பாடி: டாக்டர் பக்கத்திலேயே நின்றால் ஊசி போடலாமா?

கூடாது.

வடலூர்: வேலை பார்த்தால் கவுன்சலிங்கில் மார்க் உண்டா?

முதல் பதிலைப் படியுங்கள் தம்பி.

திருப்பாதிரிப்புலியூர்: வேலைக்குச் சேர ஒரிஜினல் மார்க் ஷீட் கேட்கிறார்கள். கொடுக்கலாமா சிஸ்டர்?

ஜெராக்ஸ் போதும். கவுன்சலிங் அன்று ஒரிஜினலுக்காக அவர்கள் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். கட்டாயம் வேண்டும் என்றால் வேறு இடம் பார். கடலூரில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்?