ஹோமியோபதி உருண்டை கொடுத்தால் இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. மூன்று வருடமாக வீசிங் இருக்கிறது. மருத்துவர் சொன்னபடி காலையும் இரவும் ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுக்கிறோம். “சின்னப் பிள்ளைக்கு ஸ்டீராய்டைப் பழக்காதே, ஹோமியோபதியில் வேரோடு போய்விடும், பக்கவிளைவே கிடையாது” என்கிறார் என் நாத்தனார். ஹோமியோபதி எப்படி வேலை செய்கிறது? அதை ஆரம்பித்தால் இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதீர்கள். இந்தப் பதிலை நீங்கள் படித்து முடிக்கும் வரைக்கும் கூட அந்த யோசனை வேண்டாம்.

இனி ஹோமியோபதிக்கு வருவோம். இதைத் தொடங்கியவர் சாமுவேல் ஹானிமன் என்ற ஜெர்மன் மருத்துவர். 1790இல் ஒரு மருந்து நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, குளிர்காய்ச்சலைச் சிங்கோனா மரப்பட்டை எப்படிக் குணமாக்குகிறது என்பதற்கு அதில் சொல்லியிருந்த காரணம் அவருக்கு ஒப்பவில்லை. நல்ல உடல்நலத்தோடு இருந்த அவர், அந்தப் பட்டையைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். குளிர்காய்ச்சல் போன்ற அறிகுறிகளே தனக்கு வந்ததாக எழுதினார். நலமாக இருப்பவரிடம் எந்த அறிகுறியை ஒரு பொருள் உண்டாக்குமோ, அதே அறிகுறியுள்ள நோயை அது தீர்க்கும் என்ற முதல் கொள்கை இப்படித்தான் பிறந்தது. முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம் ஊரில் விளக்குவார்கள். 1810இல் அவர் தன் முறையை முழு நூலாகவே எழுதினார். நான் படித்த மருத்துவத்துக்கு ‘அலோபதி’ என்று பெயர் வைத்தவரும் அவரே. அது பாராட்டாக வைத்த பெயர் அல்ல!

உங்கள் வீட்டு அடுக்களையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. வெங்காயம் நறுக்கினால் கண் எரிந்து நீர் வடியும், மூக்கு ஒழுகும். ஆகவே அப்படி ஒழுகும் ஜலதோஷத்துக்கு வெங்காயத்திலிருந்து செய்த ‘அல்லியம் சீப்பா’ கொடுப்பார்கள். எட்டிக்கொட்டையிலிருந்து வருவது ‘நக்ஸ் வாமிகா’.

இரண்டாவது கொள்கை, மருந்தை நீர்க்க நீர்க்க அதன் வீரியம் கூடும் என்பது. வெங்காயச் சாற்றில் ஒரு பங்கை 99 பங்கு ஆல்கஹாலில் கலந்து நன்றாகக் குலுக்குவார்கள். அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலப்பார்கள். இப்படி 30 முறை செய்தால் கிடைப்பதுதான் சீட்டில் ‘30’ என்று எழுதப்படும் மருந்து. அதைச் சர்க்கரை உருண்டைகளில் ஊற்றித் தருகிறார்கள். என் சிக்கல் இங்கேதான். ஒரு பொருளின் குறிப்பிட்ட அளவில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கும் என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணைப் பள்ளி வேதியியலில் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்குப்படி ஏறத்தாழ 12ஆவது குப்பியோடு வெங்காயத்தின் கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. மீதி 18 குப்பிகளில் நடப்பது ஆல்கஹாலில் ஆல்கஹாலைக் கலப்பது. குலுக்கும்போது மருந்தின் பதிவு தங்கிவிடுகிறது என்கிறார்கள் ஹோமியோபதியர்கள். அப்படி ஒன்று தங்குவதாக இதுவரை யாரும் நிறுவவில்லை.

சிங்கோனா விஷயமும் பின்னாளில் தெளிந்தது. அந்தக் குளிர்காய்ச்சலை, அதாவது மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணியை 1880இல் லாவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டுபிடித்தார். பட்டையிலுள்ள குயினின் அந்த ஒட்டுண்ணியைக் கொல்வதால்தான் காய்ச்சல் போகிறது. அறிகுறி ஒத்துப்போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஹானிமன் காலத்து மருத்துவர்கள் நோயாளியின் இரத்தத்தைக் கிண்ணம் கிண்ணமாக வடித்தார்கள், பாதரசம் கொடுத்தார்கள். அதிலிருந்து தப்பி ஹோமியோபதிக்குப் போனவர்கள் பிழைத்ததில் ஆச்சரியமில்லை. இன்றும் ஹோமியோபதி மருத்துவர்கள் நோயாளியோடு நிறைய நேரம் பேசுகிறார்கள். தூக்கம், பயம், பிடித்த சாப்பாடு வரை கேட்கிறார்கள். எங்கள் வெளிநோயாளி வரிசையில் அதற்கு நேரமே கிடைப்பதில்லை என்பது எங்களுக்குத்தான் வெட்கம். ஹோமியோபதி நம் நாட்டில் சட்டம் ஏற்ற படிப்பு, திருமங்கலத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் சட்டம் ஏற்பது வேறு, மருந்து வேலை செய்வது வேறு. 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பத்தகுந்த சான்று இல்லை என்றது. ஆஸ்துமாவும் அதில் அடக்கம்.

அப்படியானால் சில பிள்ளைகளுக்குச் சரியாகிறதே என்பீர்கள். வீசிங் ஏறி இறங்கும் நோய். மார்கழிப் பனியில் இழுக்கும் பிள்ளை பங்குனியில் ஓடியாடும். பல குழந்தைகளுக்கு வளர வளரத் தானாகவே குறையும். இழுப்பு அதிகமாக இருக்கும் நேரத்தில் தொடங்கிய எந்த மருந்துக்கும் குணமாக்கிய பெயர் போய்ச் சேரும்.

எனக்குப் பயம் தருவது சர்க்கரை உருண்டை அல்ல. “முதலில் நோய் கூடும், அது மருந்து வேலை செய்வதன் அடையாளம்” என்ற பேச்சுதான். தோல் அரிப்புக்கு இப்படிக் காத்திருக்கலாம், மூச்சுக்குக் காத்திருக்க முடியாது. பையனால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனடி நிவாரண இன்ஹேலரைக் கொடுத்தபடியே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பக்கவிளைவே கிடையாது என்பதும் முழு உண்மை அல்ல. ‘மதர் டிங்ச்சர்’ போன்ற நீர்க்காத மருந்துகளில் மூலப்பொருள் நிஜமாகவே இருக்கும். பெல்லடோனா என்ற நச்சுச்செடி கலந்த ஹோமியோபதிப் பல்முளைப்பு மாத்திரைகளில் அளவு தாறுமாறாக இருந்ததை 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது.

ஸ்டீராய்டு பயத்துக்கு வருகிறேன். இன்ஹேலரில் இருப்பது மைக்ரோகிராம் அளவு, நேராக நுரையீரலுக்குப் போவது. நீண்ட நாள் எடுத்தால் உயரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையலாம், அதை மறைக்கவில்லை. ஆனால் கட்டுக்குள் வராத வீசிங்கும் வளர்ச்சியைக் கெடுக்கும், அதோடு உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

நாத்தனாரின் மனம் கோணக்கூடாது என்று உருண்டையும் கொடுக்க விரும்பினால், இன்ஹேலரோடு சேர்த்துக் கொடுங்கள், இரு மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் இழுப்பில்லாமல் இருந்தால், அளவைக் குறைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம். அடுத்த முறை போகும்போது ஸ்பேசரையும் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) எடுத்துப் போய், பையன் மருந்து இழுக்கும் விதத்தை அவர் முன் செய்து காட்டச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இழுத்த பிறகு வாய் கொப்பளிக்கிறானா என்பதையும் பாருங்கள்.