ஸ்பிட்ஃபயருக்கு ஜிப்ஸி இன்ஜின்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 46. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த பெரியப்பா காலமான பிறகு, அவருடைய 1964 டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் கார் என்னிடம் வந்தது. ஷெட்டிலேயே கிடந்து இன்ஜின் இறுகிவிட்டது. அதையே சரிசெய்ய மெக்கானிக் மூன்றரை லட்சம் கேட்கிறார். பழைய மாருதி ஜிப்ஸி இன்ஜினை மாட்டினால் ஒன்றரை லட்சத்தில் முடியும் என்கிறார். மனைவி நகையை அடகு வைத்துச் செய்யலாமா? அடுத்த ஆண்டு மகள் கல்லூரியில் சேர வேண்டும்.

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். அப்புறம் மற்றதைப் பேசுவோம்.

வேலையாகப் பார்த்தால் மெக்கானிக் சொல்வது தப்பில்லை. ஜிப்ஸியின் 1298 சிசி இன்ஜினும் உங்கள் காரில் இருப்பதைப் போல நீளவாக்கில் உட்காருவதுதான். பழையது 1147 சிசி, 63 குதிரைத்திறன். பிந்தைய ஜிப்ஸிகளுடையது சுமார் 80. ஆனால் அந்த ஒன்றரை லட்சத்தில் என்னென்ன அடக்கம்? புது மவுண்டிங், கியர்பாக்ஸ், பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் பார்க்கிற லேத் கூலி, ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், வயரிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். துண்டுச் சீட்டில் 'இன்ஜின், ஃபிட்டிங்' என்று இரண்டே வரி இருந்தால், தொகை இரண்டரை லட்சத்தைத் தாண்டும் என்றுதான் நான் கணக்கு வைப்பேன்.

பிரேக்கும் பின்பக்கமும் தனிச் செலவு. இந்தக் காரின் பின் ஆக்சில் அமைப்பில், வளைவில் வேகமாகத் திரும்பும்போது சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கும். பழைய 63 குதிரைக்கே இந்தக் கதை. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பணம் நிஜமாக ஒழுகப்போவது காகிதத்தில். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரம், கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. வேறு கம்பெனி, வேறு சிசி இன்ஜினுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி கிடைக்கும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள். மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம்; விபத்து நடந்து, சொல்லாமல் இன்ஜின் மாற்றியதைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால் என்ன செய்வீர்கள்?

நானும் பட்டவன்தான். ஒரு காலத்தில் என் அம்பாசடருக்கு ரசீது இல்லாமல் பழைய இன்ஜின் வாங்கி மாட்டினேன். ஆர்.சி. புதுப்பிக்கப் போன இடத்தில் அதிகாரி டார்ச் அடித்து இன்ஜின் பிளாக்கில் இருந்த நம்பரைப் படித்தார். ஆர்.சி.யில் இருந்தது வேறு. ஒன்பது மாதம் வண்டி வாசலில் நின்றது, இன்சூரன்ஸ் மட்டும் ஓடியது.

உங்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய கார்களை 'விண்டேஜ்' என்று பதிய 2021இல் விதி வந்தது. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். தினசரி ஓட்ட முடியாது; ராலி, கண்காட்சி மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான். ஆனால் சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, இன்ஜினில் கைவைத்திருந்தால் அந்தத் தகுதி கிடையாது. இந்த மாதிரிக் காருக்கு நல்ல விலை கொடுப்பவர் முதலில் பார்ப்பதும் இன்ஜின் நம்பரைத்தான்.  ஒன்றரை லட்சம் செலவழித்து அந்த விலையைக் குறைத்துக்கொள்வானேன்?

நகைக்கடன் 12 சதவீதம் என்றால் ஒன்றரை லட்சத்துக்கு ஆண்டுக்கு 18,000 ரூபாய் வட்டி. மகள் ஃபீஸ் கட்டும் மாதத்தில் அந்த நகை உங்கள் கையில் இருக்க வேண்டும். காருக்கென்று வங்கியில் மாதம் 8,000 ரூபாய் ஆர்.டி. (தொடர் வைப்பு) போடுங்கள். மூன்று ஆண்டில் அசல் மட்டும் 2,88,000 சேரும். ஒரு மாதம் ஃபீஸ் நெருக்கினால் நிறுத்திக்கொள்ளலாம், கார் கோபித்துக்கொள்ளாது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடச் சொல்லுங்கள். பிஸ்டன் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருந்தால், கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு மெல்லத் திருப்பும்போது அசைந்து கொடுக்கும். அசைந்தால் மூன்றரை லட்சக் கணக்கை மறுபடி போடச் சொல்லலாம். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் இருந்ததும் இதே குடும்பத்து இன்ஜின்தான். ஹெரால்டு பார்த்த பழைய கை ஒருவர் கிடைத்தால் அவரிடம் காட்டுங்கள். உதிரிபாகம் இங்கிலாந்திலிருந்து வருமென்றால், சுங்க வரி சேர்த்துத்தான் விலையா என்று கேளுங்கள். கையோடு, வாரிசுச் சான்றிதழ் வாங்கி, படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஜிப்ஸி இன்ஜின்தான் என்று முடிவெடுத்தால், சேஸிஸை வெட்ட விடாதீர்கள். பழைய இன்ஜினைக் காயலான் கடைக்கு எடை போடாமல், கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி அதே ஷெட்டில் வையுங்கள்.