டிக் டிக் சத்தம்: கரண்ட் போதாததாகவும் இருக்கலாம்

தம்பி, நீளக் கேபிளில் ஹார்ட் டிஸ்க்கைப் போட்டால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும் வருகிறது, லெப்டொப்பில் தெரியவில்லை, அக்காவின் கல்யாணப் படமெல்லாம் அதில்தான் என்று எழுதியிருந்தீர்கள். டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். உள்ளே தட்டு சுழலத் தொடங்கும் சில விநாடிகளில்தான் அதற்கு அதிக கரண்ட் வேண்டும். லெப்டொப்பின் யூஎஸ்பி 2.0 துளை தரும் கரண்டின் கணக்கு 500 மில்லிஅம்பியர், 3.0க்கு 900. மெல்லிய நீளக் கேபிளோ துளை தரும் 5 வோல்ட்டையும் வழியிலேயே குறைத்துவிடும்.

டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளை 3.0 துளையில் நேராகப் போடுங்கள். சரிவராவிட்டால், சுவர் பிளக்கில் போடும் தனி அடாப்டர் உள்ள ஹப் (ஒரு யூஎஸ்பி துளையைப் பல துளையாக்கும் பெட்டி) வாங்குங்கள். அடாப்டர் இல்லாதது வீண் காசு. ஆனால் ஹட்டன் பக்கம் மழைக்குக் கரண்ட் போனால் ஹப்பும் நிற்கும், படங்களை லெப்டொப்புக்குக் காப்பி பண்ணுவது பாதியில் அறுந்துவிடும். வானம் வெளித்த நேரம் பார்த்துச் செய்யுங்கள். ஹப்பிலும் அதே சத்தம் என்றால் உடனே கழற்றிவிடுங்கள், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம்.