சபை நிலம் பாஸ்டர் பெயரில், அடுத்தவர் யார் என்று சண்டை: என் பதில்

சர்ச் நிலம் பாஸ்டர் பெயரில் இருக்கிறது, அவருக்குப் பின் யார் என்று சபையில் சண்டை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் நிலத்தைச் சபையின் பெயருக்கு மாற்றுங்கள். அடுத்த பாஸ்டர் அவர் மகனா, மூப்பரா (சபையை நடத்த உதவும் பெரியவர்) என்ற பேச்சு அப்புறம். காணிக்கையில் வாங்கிய இடம் இப்போதைய பாஸ்டரின் தனிப் பெயரில் இருப்பதுதான் இந்த இழுபறிக்கு வேர் என்று நினைக்கிறேன். உயில் எழுதாமல் அவர் கண்மூடினால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. இடத்தை மீட்கச் சபை கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

கிரையப் பத்திரத்தில் வாங்குபவர் பெயரைப் பாருங்கள். 'இன்னார் மகன் இன்னார்' என்று மட்டும் இருக்கிறதா, சபைக்காக என்று ஒரு வார்த்தையாவது இருக்கிறதா? இடத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள்.

சபை சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவாகியிருந்தால், பாஸ்டரே அதன் பெயருக்கு, பணம் வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதித் தரலாம். குடும்பத்துக்குள் எழுதினால் கிடைக்கும் முத்திரைத்தாள் சலுகை இதற்குக் கிடையாது. செலவை வக்கீலிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும்: ஆராதனை முடிந்து எல்லார் முன்னாலும் இதைக் கேட்காதீர்கள். கடைசிக் காலத்தில் எங்கே போவது என்ற பயத்தில்தான் பல ஊழியர்கள் பத்திரத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள். அவருக்குத் தங்க வீடு, மாதம் ஒரு தொகை என்று சபைக் கமிட்டித் தீர்மானம் எழுதி எடுத்துக்கொண்டு, பாஸ்டரம்மாவும் இருக்கும் நேரமாக வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.