அரக்கர் குலத்தில் பிறந்தது மட்டுமே வில்லனின் கொடுமைக்குக் காரணமாகுமா?

கோத்தகிரியில் இருந்துகொண்டு மிகுபுனைவு நாவல் எழுதிவரும் நண்பர், தம் வில்லன் அரக்கர் குலத்தவன் என்பதே அவனது கொடுமைக்குப் போதிய காரணமாகுமா என்று கேட்டிருக்கிறார்.

ஆகாது என்றே கருதுகிறேன். பிறப்பு ஒருவனுக்கு ஆற்றலையும் பகையையும் தரலாம். அவன் எதை விரும்புகிறான் என்பதை அது சொல்வதில்லை, விருப்பம் தெரியாத பாத்திரத்துக்கு உந்துதலும் அமையாது. இரணியன் மகன் பிரகலாதனும் இராவணன் தம்பி வீடணனும் நம் நினைவில் நிற்பது, குருதி இழுத்த திசைக்கு எதிராக நடந்ததால்தான். 1980இல் வெளியான ஸ்டார் வார்ஸ் படத்தில், கொடியவன் டார்த் வேடரே தன் தந்தை என்று அறியும் நாயகன் லூக்கை, தானும் அவ்வாறு ஆகிவிடுவோமோ என்ற அச்சம் வாட்டுகிறது. எழுதத்தக்க பொருள் அந்த அச்சமே.

நம் நீலகிரி மலைப் புல்வெளிகளை மூடிவிட்ட சீகை (வாட்டில்) மரத்தின் விதை, பல ஆண்டுகள் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து, காட்டுத்தீயின் சூடு பட்டதும் முளைக்கிறது. உங்கள் வில்லனிடம் அத்தகைய விதை இருக்கட்டும். அந்தத் தீ எங்கிருந்து வந்தது என்பதற்கே நாவலில் அதிகப் பக்கங்களை ஒதுக்குங்கள்.

மேலும், முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக முத்திரையிட்ட 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வடு இன்னும் ஆறாத நாட்டில் எழுதுகிறோம் என்பதால், ‘அவன் இரத்தமே அப்படி’ என்ற சொல்லை ஊராரோ அரசனோ சொல்லட்டும், கதைசொல்லி சொல்ல வேண்டாம்.