கருவிழியில் ஓட்டை: இழையம் வைத்துத் தைத்தால் பார்வை திரும்புமா?

கேள்வி: நாங்கள் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம். அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பெரும்போக வேளாண்மை வெட்டிய நேரம் வலக் கண்ணில் நெல்லுச் சுணை அடித்தது. பாமசியில் ஒரு துளிமருந்து வாங்கி விட்டுக்கொண்டிருந்தார். கண் வெள்ளை பூத்து, கடைசியில் கருவிழியில் ஓட்டையே விழுந்துவிட்டது. வைத்தியசாலையில் பசை வைத்து மேலே ஒரு லென்ஸ் போட்டார்கள். பசை கழன்றுவிட்டதால் இழையம் வைத்துத் தைக்க வேண்டுமாம். இதனால் பார்வை வருமா? செத்த ஒருவரின் கண்ணை வைப்பது என்று அம்மா பயப்படுகிறார். சிறுபோகத்துக்கு அப்பா வயலில் இறங்கலாமா?

பதில்: பார்வைக் கேள்விக்கே முதலில் வருகிறேன். அதைத் தெளிவாகச் சொல்லாமல் விடுவதால்தான் பல குடும்பங்கள் பிறகு மனம் உடைந்துபோகின்றன. இப்போது செய்யப்போவது கண்ணைக் காப்பாற்றும் வேலை. பார்வைக்கான வேலை, செய்வதாயின், கண் ஆறி அடங்கிய பிறகு, பல மாதம் கழித்து. கட்டு அவிழ்த்த அன்று அப்பாவுக்கு வெளிச்சமும் கை அசைவும் மட்டும் தெரிந்தால் சத்திர சிகிச்சை பிழையாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

நாம் கருவிழி என்று சொல்லும் இடத்துக்கு முன்னால் இருக்கும் தெளிவான படலம்தான் விழிவெண்படலம். ஓட்டை விழுந்திருப்பது அதில்தான். நடுவில் அது அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். இரத்தக் குழாய் கிடையாது. உட்பக்கத்தில் ஒற்றை வரிசையாகக் கலங்கள் இருக்கும்; இரவு பகலாக நீரை வெளியே இறைத்து அந்தப் படலம் மங்காமல் பார்த்துக்கொள்வது அவைதான். ஒருமுறை செத்தால் அந்தக் கலங்கள் மறுபடி பெருகுவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சுணை கீறிய கண்ணில் பங்கசு (பூஞ்சைக் கிருமி) ஏறுவது நெல் விளையும் ஊர்களில் புதிதல்ல. சம்மாந்துறை, அக்கரைப்பற்று, வெல்லாவெளி என்று எங்கே வெட்டு நடந்தாலும் இதே கதை. அப்பா விட்ட துளிமருந்தில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. போத்தலைத் தேடி எடுத்துப் பாருங்கள். டெக்ஸமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீரொயிட். சிவப்பும் நோவும் இரண்டு நாளில் குறையும், உள்ளே பங்கசு தடையில்லாமல் வளரும். அந்தப் போத்தலைக் கட்டாயம் வைத்தியரிடம் காட்டுங்கள். இன்னொன்றும் கேட்பேன்: இடையில் ஒருநாள் கண்ணிலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் குபுக்கென்று வந்து, அதன்பின் நோவு குறைந்தது என்று அப்பா சொன்னாரா? பலர் அதைச் சுகம் வந்த அடையாளம் என்று நினைத்துக் கிளினிக்கைத் தவறவிடுகிறார்கள். பெரும்பாலும் ஓட்டை விழுந்த நேரம் அதுதான்.

ஓட்டை விழுந்ததும் உள்நீர் ஒழுகும். பின்னால் இருக்கும் கதிராளி (கண்ணுக்கு நிறம் தரும் திரை) முன்னுக்கு வந்து ஓட்டையில் செருகிக்கொள்ளும். இன்னும் ஒழுகுகிறதா என்று பார்க்கச் செம்மஞ்சள் சாயத்தைத் தொட்டு நீல வெளிச்சம் அடிப்போம். ஒழுகினால், சாயத்தின் நடுவே பச்சையாய் ஒரு கோடு கீழே இறங்குவது தெரியும்.

பசை வைத்ததில் தவறு எதுவும் இல்லை. இரண்டு, மூன்று மில்லிமீற்றருக்கு உட்பட்ட ஓட்டைக்கு அதுதான் முதல் வழி. சயனோஅக்ரிலேட் என்ற அந்தப் பசை காய்ந்தால் சொரசொரப்பாக இருக்கும், இமை உரசும். அதற்காகவே மேலே லென்ஸ். அடியில் புண் ஆறியபின் பசை தானாகக் கழன்றால் நல்லது. ஆறுமுன் கழன்றால், அல்லது ஓட்டை பெருத்தால், இழையம்தான் வழி.

அது என்ன இழையம் என்பது ஓட்டையைப் பொறுத்தது. சிறியதாக இருந்தால் பனிக்குட மென்சவ்வை மடித்து அடுக்கிக் குழியை நிரப்பலாம். சிசேரியன் பிரசவத்தின்போது தாயின் சம்மதத்துடன் எடுத்து, தொற்று இல்லை என்று பரிசோதித்துப் பதப்படுத்தி வைத்த சவ்வு அது. ஓட்டை பெரிதாக, ஆனால் ஓரமாக இருந்தால், தானக்கண்ணின் விழிவெண்படலத்திலிருந்தோ வெள்ளைப் பகுதியிலிருந்தோ ஒரு துண்டை வெட்டி ஒட்டுப் போடுவார்கள். சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போடுவதுபோலத்தான்; காற்று நிற்க வேண்டும், அழகு பிறகு. கிளிசரினில் பதப்படுத்திய படலம்கூட இதற்குப் போதும். அதில் உயிருள்ள கலம் இராது, ஆகவே உடல் அதை நிராகரிப்பதும் குறைவு; ஆனால் நீர் இறைக்கும் அந்த ஒற்றை வரிசையும் இராது, ஆகவே தெளிவும் வராது. புண் நடுவில் பெரிதாகப் பரவியிருந்தால் நோய்ப்பட்ட பகுதி முழுவதையும் வட்டமாக வெட்டி எடுத்து, உயிருள்ள கலங்களோடு பாதுகாத்த படலத்தை முழுத் தடிப்பில் வைப்பார்கள். அப்பாவுக்கு இந்த மூன்றில் எது என்று நேரடியாகக் கேளுங்கள். "ஒப்பரேசன் செய்யப் போகிறோம்" என்ற பதிலோடு திரும்ப வேண்டாம்.

தைக்கும் நூல் 10-0 நைலோன், தலைமயிரைவிட மெல்லியது. முழுத் தடிப்பு வட்டத்துக்கு வழக்கமாகப் பதினாறு தையல் வரும். கண்ணில் ஓட்டை திறந்திருக்கும் நிலையில் கண்ணுக்குப் பின்னால் மரத்துப்போகும் ஊசி போட்டால் அழுத்தம் கூடும், உள்ளே இருப்பது வெளியே தள்ளப்படலாம். அதனால் இயன்றவரை முழு மயக்கத்தில்தான் செய்வார்கள். சீனி வருத்தமோ பிரஷரோ இருந்தால் அந்தக் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.

அம்மாவின் பயத்துக்கு: முழுக் கண்ணை யாருக்கும் மாற்றுவதில்லை. வைப்பது அந்த மெல்லிய படலம் மட்டும். ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. போன்ற தொற்றுகள் இல்லை என்று சோதித்த பிறகே கொடுப்பார்கள். இரத்த வகை பொருந்த வேண்டியதும் பொதுவாக இல்லை. இப்படிப் படலம் மாற்றுவதை முதன்முதலில் வெற்றியாகச் செய்தது 1905இல், எடுவர்ட் சிர்ம் என்ற வைத்தியர். இலங்கையில் ஹட்சன் சில்வா 1961இல் கண் தானச் சங்கத்தைத் தொடங்கினார். இங்கிருந்து போன விழிவெண்படலங்களால் வெளிநாடுகளில் எத்தனையோ பேர் பார்வை பெற்றிருக்கிறார்கள். கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையில் தேசிய கண் வங்கி இயங்குகிறது. தானம் கொடுத்தவரின் குடும்பமும் அம்மாவைப்போல முதலில் தயங்கித்தான் கையெழுத்து வைத்திருக்கும்.

கொழும்புக்கு அனுப்பினால் போகும் வழி முக்கியம். ஓட்டை உள்ள கண்ணுக்குப் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டக்கூடாது. கண்ணைத் தொடாமல் எலும்பில் தங்கும் கடினமான மூடிதான் வேண்டும். களிம்பு வேண்டாம். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். இருமல் இருந்தால் மருந்து கேட்டு வாங்குங்கள், மலச்சிக்கலுக்கும் அப்படியே. முக்கினால் கண்ணில் அழுத்தம் ஏறும். மறுபக்கம் சரிந்து படுக்கச் சொல்லுங்கள்.

பிறகு வரும் மாதங்கள்தான் நீளமானவை. பங்கசு மருந்து கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தொடரும். வழமையான ஒட்டுக்குக் கொடுக்கும் ஸ்டீரொயிட் துளியைப் பங்கசுக் கண்ணுக்கு உடனே தொடங்கமாட்டோம். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்தார்களே என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். முழுத் தடிப்பு ஒட்டானால் தையல்கள் ஒரு வருடம்வரைகூட இருக்கும். தையல் தளர்ந்தால் மண் விழுந்ததுபோல் உறுத்தும். சிவப்பு, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், இருந்த பார்வையும் மங்குவது, நோவு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே போங்கள். புண்பட்டுச் சிவந்த கண்ணில் வைத்த ஒட்டை உடல் நிராகரிக்கும் சாத்தியம் கூடுதல், ஆனால் முதல் நாட்களில் பிடித்தால் பலவேளை மீட்கலாம்.

சிறுபோகம் இந்த முறை வேண்டாம். வரம்பில் குனிவது, மூட்டை தூக்குவது, வெட்டு மிசின் தூசு, வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவுவது எல்லாமே அந்தத் தையலுக்குப் பகை. வயலை யாருக்காவது குத்தகைக்கு விடும் யோசனையை இப்போதே பேசிவிடுங்கள்.

கடைசியாக, அப்பாவின் இடக் கண் எப்படி இருக்கிறது? அது நன்றாகத் தெரிந்தால், வலக் கண்ணுக்குப் பின்னாளில் இரண்டாவது ஒட்டு வைக்க நான் அவசரப்படமாட்டேன். வருடக்கணக்கில் துளிமருந்தும் கிளினிக்கும் அதற்குப் பெறுமதியா என்று அவரே முடிவெடுக்கட்டும். இடக் கண்ணில் வெண்புரை இருந்தால், வலது ஆறியதும் அதற்கான சிகிச்சையை முதலில் கேளுங்கள். அவருக்குத் தெளிவான பார்வை விரைவாகக் கிடைக்கக்கூடியது அந்தக் கண்ணில்தான்.