நூலகம் இருக்க காசு எதுக்கு?

கேள்வி: அரசு பல்கலைக்கழகத்துல எம்.ஏ. சோசியாலஜி பண்றேன். தஞ்சாவூர் கிராமங்கள்ல சாதியும் நிலமும் எப்படி மாறிச்சுன்னு டெசர்டேஷன். கூகுள்ல கிடைக்கிற கட்டுரையெல்லாம் காசு கேக்குது, கைடு விக்கிபீடியா ஆகாதுங்கறார். என்ன பண்ண?

பதில்: ஒத்த ரூபா கட்டாதீங்க தம்பி. 2025 ஜனவரியிலருந்து 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' திட்டத்துல அரசு கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களோட கிட்டத்தட்ட 13,000 ஜர்னல் திறந்திருக்கு, கேம்பஸ் நெட்லயே படிக்கலாம், ஹாஸ்டல்ல இல்லாம வீட்லருந்து படிக்கணும்னா ரிமோட் லாகின் உண்டான்னு லைப்ரரியன்கிட்ட நேரா போய் கேளுங்க, அவங்ககிட்ட யாருமே எதுவும் கேக்கறதில்ல பாவம்.

உங்க தலைப்புக்கு சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1965-ல வெளியிட்ட தஞ்சாவூர் கிராம ஆய்வு 'காஸ்ட், கிளாஸ் அண்ட் பவர்'லருந்து தொடங்குங்க. புத்தகத்த ஷெல்ஃப்ல எடுத்து கடைசில இருக்க நூற்பட்டியல போட்டோ எடுத்துக்குங்க, அது பழைய ஆய்வுகளுக்கு. புது ஆய்வுகளுக்கு கூகுள் ஸ்காலர்ல (கூகுளோட ஆய்வுக்கட்டுரை தேடல்) அதே புத்தகத்துக்குக் கீழ 'சைட்டட் பை'ய அமுக்குங்க, அதுக்கப்புறம் அத மேற்கோள் காட்டினவங்க வரிசையா வருவாங்க, அதுக்குள்ளயே 'லேண்ட்'னு போட்டு வடிகட்டலாம். தேடறப்ப தஞ்சாவூரோட பழைய இங்கிலீஷ் ஸ்பெல்லிங் 'டாஞ்சூர்' (Tanjore)-யும் போடுங்க, இல்லாட்டி பழைய கட்டுரை பாதி சிக்காது.

ஜர்னல்ல 'சோசியாலஜிகல் புல்லட்டின்', 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' ரெண்டும் கட்டாயம். தீசிஸ் பாக்க ஷோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள சேத்து வச்சிருக்க இணையதளம், அது எல்லாருக்குமே ஃப்ரீ, ஆனா தரம் ஏத்த இறக்கமா இருக்கும், அப்படியே காப்பி அடிச்சிடாதீங்க.